சுவரை விட்டு வந்த திரை

2000-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் சோனி ஸ்தாபனத்தார் தங்கள் பிளேஸ்டேஷன் விளையாட்டு யந்திரத்தை உருவில் வெகுவாகச் சுருக்கி, சுமார் 19 சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு வெளிறிய நிறப் பெட்டியாக, ‘பிஎஸ் ஒன்’ என்ற பெயரில் ஜப்பானியக் கடைகளுக்கு அனுப்பினார்கள். 1994 டிசம்பரில் வந்த மூல யந்திரம், சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே பக்குவப்படுத்திக்கொள்ளும் சுபாவமுடையது. புதிய பெட்டியோ, இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு அந்த வேலையை வெளியே கம்பியில் தொங்கும் அடாப்டரிடம் ஒப்படைத்துவிட்டு, 7.5 வோல்ட் நேர்மின்சாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டது. பெட்டி சிறுக்க வேண்டும் என்பதே இதன் உத்தேசம். ஆயினும், 7.5 வோல்ட் என்பது பாட்டரிகளால் எட்டக்கூடிய அளவு என்பதைக் கண்டுகொண்ட சில இளைஞர்களுக்கு அதுவே போதிய அழைப்பாக இருந்தது.

அந்தப் பெட்டியின் முதுகில் திருகாணிகளால் பொருத்தி, வேண்டும்போது நிமிர்த்தியும் வேண்டாதபோது மூடிபோல் மடித்தும் வைத்துக்கொள்வதற்கென்று, 5 அங்குல வண்ணத் திரை ஒன்றும் பின்னாலேயே வந்தது. இருபுறமும் சிறு ஒலிபெருக்கிகள், காதில் மாட்டிக் கேட்பதற்கான துளைகள், வேறு சாதனங்களின் படத்தையும் ஏற்றுக்கொள்ளும் ஓர் உள்வாய் என்று சகல லட்சணங்களும் பொருந்திய அத்திரைக்கும் பெட்டிக்கும் ஒரே அடாப்டர் உயிர் கொடுத்தது. காரில் சிகரெட் பற்றவைக்கும் துளையிலே செருகிக்கொள்ளும் அடாப்டர்கூடக் கிடைத்தது. மடிமேல் வைத்துக்கொள்ளலாம்; மூடி எடுத்துப் போகலாம்; பிரயாணத்தில் ஆடலாம். ஆனால் பாட்டரிக்கு மட்டும் அதில் இடம் இல்லை. உலகத்திலேயே முதன்முதலாக, 1991-ல், லித்தியம் அயனி பாட்டரியை வர்த்தகப் பொருளாக்கி விற்றவர்கள் இதே சோனிக்காரர்கள் என்பதை நினைக்கும்போது, இந்தக் குறை இன்னும் விசேஷமாகக் கண்ணில் படுகிறது. யந்திரமும் திரையும் பாட்டரியும் ஒரே வீட்டில் பிறந்திருந்தும், மூன்றையும் ஒருசேர வைக்கும் காரியம் அந்த வீட்டாரால் அப்போது செய்யப்படவில்லை. சட்டப்படி விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தம் மேஜைமேல் பிரித்துப் போட்டு, சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்த பொழுதுபோக்காளர்களே அதைச் செய்தார்கள்.

அவர்கள் செய்தது வெறும் விளையாட்டு வேலை என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. கையடக்கமான ஒரு திரையை ஒளிரச் செய்வதற்கு எவ்வளவு செலவாகும் என்ற கேள்வியோடு, அவர்களுக்கு முன்பே பெரிய பெரிய ஸ்தாபனங்கள் மல்லாடியிருக்கின்றன. சில ஜெயித்தன, சில நொடித்தன. அந்தப் பூர்விகத்தை அறிந்தால்தான் மேஜைமேல் நடந்த காரியத்தின் அருமை புலப்படும்.

கியோட்டோ நகரத்தில் 1889-ல் ஹனஃபுடா என்னும் பூச்சீட்டுகளைச் செய்யும் தொழிலாகத் தொடங்கிய நின்டெண்டோ ஸ்தாபனத்தில், சீட்டு செய்யும் யந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் 1965-ல் அமர்ந்தவர் குன்பெய் யோகோய். ரயிலில் பிரயாணம் செய்த உத்தியோகஸ்தர் ஒருவர், பொழுது போகாமல் தம்முடைய கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்தி அழுத்தி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததிலிருந்துதான் கையில் வைத்து ஆடும் சிறு பெட்டியின் எண்ணம் அவருக்கு உதித்தது என்று சொல்வார்கள். 1980-ல் அது ‘கேம் அண்ட் வாட்ச்’ என்ற பெயரோடு வெளிவந்தது. கால்குலேட்டர்களுக்காக மலைமலையாக உற்பத்தியாகி விலை சரிந்திருந்த திரவ ஸ்படிகத் திரையையும், கைக்கடிகாரத்தில் போடுவதைப் போன்ற பொத்தான் செல்லையும் கொண்டே அவர் அதைச் சமைத்தார். நேற்றுப் பிறந்த நுட்பத்தை நாடி ஓடாமல், பலர் கையில் பழகித் தேர்ந்து மலிந்துபோன நுட்பத்தை எவரும் எதிர்பாராத காரியத்துக்குத் திருப்புவதே தொழில்காரனின் சாமர்த்தியம் என்பது அவருடைய சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்தின் பூரண வடிவம் 1989 ஏப்ரலில் வந்த ‘கேம் பாய்’. 2.6 அங்குலத் திரை. மங்கிய பச்சையில் நான்கே சாயல்கள். உள்ளே விளக்குக் கிடையாது. ஜன்னலோரமாகச் சாய்த்துப் பிடித்தால் படம் தெரியும். மாலை மங்கினால் ஆட்டமும் மங்கும். ஆனால் நான்கு பென்டார்ச் செல்களைப் போட்டால் ஏறத்தாழ 15 மணி நேரம், சிக்கனமான ஆட்டமானால் அதற்கு மேலும், சளைக்காமல் ஓடும். அதே ஆண்டில் அட்டாரியின் ‘லிங்க்ஸ்’ வந்தது. அடுத்த ஆண்டு ஸேகாவின் ‘கேம் கியர்’ வந்தது. இரண்டிலும் வண்ணம் உண்டு, திரைக்குப் பின்னால் விளக்கும் உண்டு. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் பரிதாபமாகத்தான் தோன்றியிருக்கும். ஆயினும், கேம் கியருக்கு ஆறு செல்கள் போட்டால் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் அத்தனையும் தீர்ந்துபோகும். பையனுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்த தகப்பனார் அதன் பிறகு வாராவாரம் செல் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. இறுதியில் கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டிய எண்ணிக்கையில் விற்க, கேம் பாய் தன் வண்ண வாரிசையும் சேர்த்து 11 கோடியே 87 லட்சத்தை எட்டிற்று. விளையாட்டுகளின் தரமும் விலையும் இதற்குக் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெளிச்சத்துக்கான செலவை யோகோய் முதலிலேயே கணக்குப் பார்த்து, அது கட்டாது என்று தீர்மானித்ததே தலைமையான காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் செலவு ஏன் அவ்வளவு அதிகம்? திரவ ஸ்படிகத் திரை தானாக ஒளி விடுவதில்லை. மின்னழுத்தம் பட்ட இடத்தில் அதனுள்ளிருக்கும் நுண்ணிய அணுத்திரள்கள் திரும்பிக்கொண்டு, ஒளிக்கு வழி விடுவதும் வழி மறிப்பதுமே அதன் தொழில். அதற்குச் சொற்ப மின்சாரமே போதும். ஆனால் பின்னாலிருந்து புறப்படும் ஒளியில், முதலில் உள்ள வடிகட்டிக் கண்ணாடியிலேயே பாதிக்கு மேல் மடிந்துவிடுகிறது. எஞ்சியது சிவப்பு, பச்சை, நீலம் என்ற வண்ணச் சல்லடையைக் கடக்கும்போது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு நின்றுவிடுகிறது. கடைசியில் நம் கண்ணுக்கு எட்டுவது, விளக்கு உமிழ்ந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த ஒரு பங்கு கண்ணுக்கு இதமாக அமைய வேண்டுமானால் பத்துப் பங்குக்கு மேல் விளக்கு எரிய வேண்டும். அக்காலத்து விளக்கோ டியூப்லைட்டின் குலத்தைச் சேர்ந்தது: துளிப் பாதரசம் அடைத்த கண்ணாடிக் குழல். பாட்டரி தருகிற சில வோல்ட்டுகளைக் கண்டு அது அசையாது. பல நூறு வோல்ட் மாறுமின்சாரம் கொடுத்தால்தான் உயிர் பெறும். அதற்கென்று தனியே இன்வர்ட்டர் ஒன்று வேண்டும். அதுவும் தன் பங்குக்குச் சிறிது சக்தியை உஷ்ணமாக விரயம் செய்யும்.

விளக்கில்லாத பெட்டி வந்தால், விளக்கை யாராவது வைத்தே தீருவார்கள் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2001-ல் நின்டெண்டோ வெளியிட்ட ‘கேம் பாய் அட்வான்ஸ்’ சக்தியில் வெகுதூரம் முன்னேறியிருந்தும், திரை மட்டும் பழையபடியே விளக்கின்றி, முன்னைவிட இருண்டும் இருந்தது. மறு ஆண்டிலேயே அமெரிக்காவில் ‘டிரைட்டன் லாப்ஸ்’ என்ற சிறு ஸ்தாபனத்தார் ‘ஆஃப்டர்பர்னர்’ என்னும் உபகரணத்தைப் பொட்டலமாக்கி விற்றார்கள். பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியைத் திரைமேல் பரப்பும் மெல்லிய தகடு அது. வாங்கியவர் பெட்டியைத் தாமே பிரித்து, உள்ளே பிளாஸ்டிக் சட்டத்தைச் சிறிது சீவி எறிந்து, இரண்டு கம்பிகளைப் பலகையில் பற்றவைத்து, திரைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தூசிகூடச் சிக்காமல் மூட வேண்டும். விளக்கு எரியும்போது தூசி ஒவ்வொன்றும் நட்சத்திரமாய் மின்னுமாதலால், இந்தக் கடைசி வேலையிலேயே பலருடைய பொறுமை சோதிக்கப்பட்டது. நின்டெண்டோ 2003 பிப்ரவரியில் வெளியிட்ட ‘அட்வான்ஸ் எஸ்பி’யில் விளக்கும் இருந்தது, மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யத்தக்க, 600 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும் லித்தியம் பாட்டரியும் இருந்தது. விளக்கோடு 10 மணி நேரம், விளக்கை அணைத்தால் 18 மணி நேரம் என்று அவர்களே அறிவித்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தப் பெட்டி தின்னும் சக்தியில் ஏறக்குறையப் பாதி விளக்குக்கே போயிற்று என்பது தெரியவரும்.

இனி பிஎஸ் ஒன் திரைக்கு வருவோம். வீட்டு யந்திரங்களைக் கையடக்கமாக்கும் கலைக்கு அமெரிக்காவில் பெயர் தேடித் தந்தவர் விஸ்கான்ஸின் மாகாணத்தைச் சேர்ந்த பென் ஹெக்கென்டார்ன். வரைகலைத் தொழிலில் இருந்த அவர், 1977-ல் வந்த அட்டாரி 2600 யந்திரத்தின் பலகையை அறுத்துச் சுருக்கி, அதற்குச் சிறியதொரு டெலிவிஷனின் திரையைச் சேர்த்து, 2000-ம் ஆண்டில் கையில் பிடித்து ஆடும்படி செய்தார். 2005-ல் இந்த வித்தையை விளக்கி ஒரு புத்தகமும் எழுதினார். அவர் வழியைப் பின்பற்றியவர்களுக்கு ஆரம்பத்தில் பெருந்தடையாக இருந்தது திரைதான். சட்டைப்பை டெலிவிஷன்களின் திரைகள் இரண்டரை அங்குலம், மூன்று அங்குலம் என்று குறுகியிருந்தன. பெரியவற்றின் விலையோ எட்டாது. அந்த வேளையில் 5 அங்குலமும், நல்ல வண்ணமும், தாராளமாகக் கடைகளில் கிடைக்கும் சௌகரியமும் கொண்ட பிஎஸ் ஒன் திரை வந்தது. முக்கியமாகப் பிளேஸ்டேஷனுக்கு என்று செய்யப்பட்ட அது, நின்டெண்டோ 64 முதலான போட்டி ஸ்தாபனங்களின் யந்திரங்களுக்கும் முகமாக அமர்ந்தது.

பாட்டரியில் ஓட்டுவதற்கு முதற்கேள்வி, எத்தனை வோல்ட் என்பதே. சாதாரணப் பென்டார்ச் செல் ஒன்று 1.5 வோல்ட் தரும். ஐந்தை வரிசையில் வைத்தால் மிகச் சரியாக 7.5 வந்துவிடும். ஆனால் அந்தச் செல்கள் கனத்த சுமையைத் தாங்கமாட்டா. வட்டத் தகட்டைச் சுழற்றும் மோட்டாரும், யந்திரமும், விளக்கும் ஒருசேர இழுக்கும்போது சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடும். சார்ஜ் செய்யத்தக்க நிக்கல் செல்கள் சுமையைத் தாங்கும், 1.2 வோல்ட் வீதம் ஆறு சேர்ந்தால் 7.2, ஆனால் கனமும் அதிகம், இடமும் அதிகம். லித்தியம் செல்லோ ஒன்றே 3.6 அல்லது 3.7 வோல்ட். இரண்டை வரிசையில் கோத்தால் 7.2 அல்லது 7.4. வீடியோ காமிராக்களுக்கு இதே அளவில் பாட்டரி அடுக்குகள் விற்பனையில் இருந்தபடியால், அவற்றையே வாங்கி வைத்துக்கொண்டவர் பலர். பழைய மடிக்கணினிகளின் பாட்டரிப் பெட்டியைப் பிளந்து, 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையதால் 18650 என்று வழங்கும் உருளைகளை எடுத்துச் சோதித்துச் சேர்த்துக்கொண்டவரும் உண்டு. 7.5 வோல்ட் என்ற அளவு இந்த லித்தியம் இணைக்கு இவ்வளவு நெருங்கி அமைந்தது தற்செயலே ஆயினும், அதனால்தான் இந்த மாற்றம் இத்தனை பேருக்குக் கைகூடிற்று.

ஆனாலும் பாட்டரியின் அழுத்தம் சுவர் அடாப்டருடையது போல் நிலையாக நிற்பதில்லை. நிறைந்திருக்கும்போது லித்தியம் செல் 4.2 வோல்ட், ஆகவே இணை 8.4. தீரும் தறுவாயில் செல்லுக்கு 3 வோல்ட், இணைக்கு 6. இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே 5 வோல்ட் கேட்கும் பாகங்களுக்கு 5-ஐ மட்டும் கொடுப்பதற்கு 7805 என்ற மூன்று கால் சில்லை வைப்பது பழைய வழக்கம். அது மிச்சத்தைச் சூடாக்கி வெளியேற்றும். அட்டாரி 2600-ல் 9 வோல்ட் வாங்கி 5 வோல்ட் கொடுக்கும்போது, வந்த சக்தியில் ஒன்பதில் நான்கு பங்கு இப்படியே வீணாயிற்று. சுவரில் செருகியிருக்கும்வரை இதை யாரும் பொருட்படுத்தவில்லை. பாட்டரி வந்த பிறகோ அந்த உஷ்ணத்தை விரலால் தொட்டு உணர்ந்த ஒவ்வொருவருக்கும், தம்முடைய ஆட்ட நேரமே அங்கே ஆவியாகிறது என்பது விளங்கிவிட்டது. மேலும், உள்ளே வரும் அழுத்தம் சுமார் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தச் சில்லு தன் கடமையிலிருந்து தவறிவிடும். பாட்டரியில் இன்னும் பாக்கி இருக்கும்போதே படம் நடுங்கத் தொடங்கும். ஆகவே சக்தியைச் சூடாக்கி எறியாமல், மின்சாரத்தைக் கணந்தோறும் திறந்து மூடி அளவுபடுத்தும் வகை மாற்றிகளுக்கு அவர்கள் படிப்படியாக மாறிக்கொண்டார்கள்.

அடுத்தது விளக்கு. திரையின் கூட்டைக் கழற்றி, உலோக மூடியை நீக்கினால், ஓரத்தில் பொதிந்து கிடக்கும் கண்ணாடிக் குழல் தெரியும். ஈர்க்குச்சிபோல் மெலிந்தது, சிறிது அழுத்தினாலும் முறிந்துவிடும். அதன் இரு நுனிகளிலிருந்து தடித்த உறை போட்ட கம்பிகள் புறப்பட்டு இன்வர்ட்டருக்குச் செல்லும். திரை எரியும்போது அங்கே கை பட்டால் நல்ல அதிர்ச்சி உறுதி. மின்சாரத்தைச் சிக்கனம் பண்ண விரும்பியவர்கள் இந்தக் குழலையும் இன்வர்ட்டரையும் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் வெள்ளை எல்இடி விளக்குகளை வைத்தார்கள். ஜப்பானில் நகமுரா என்பவர் 1993-ல் பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கிய பின், மூன்றாண்டுகளில் அதன்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு இட்டு வெள்ளை ஒளி கண்டார்கள். புதிய நூற்றாண்டின் தொடக்கத்திலே அது சாமானியன் வாங்கும் விலைக்கு வந்திருந்தது. ஒன்று ஏறத்தாழ 3.2 வோல்ட் கேட்கும்; இரண்டை வரிசையில் வைத்தால் 6.4; மிச்சத்தை ஒரு சிறு தடை தாங்கிக்கொள்ளும். இப்படி இரண்டிரண்டாகச் சேர்த்த ஜோடிகளைத் திரையின் ஓரம் நெடுகப் பக்கம் பக்கமாகப் பதிப்பார்கள். நேர்த்தி இல்லாத கையில் இது விளக்குக்கு விளக்கு திட்டுத் திட்டாய் ஒளிரும். பொறுமையுள்ள கையில், ஒளியைப் பரப்பும் வெண்தாள்களைப் பழைய வரிசை மாறாமல் அடுக்கி மூடியபின், குழல் எரிந்த காலத்துக்குச் சற்றும் குறையாத சமமான வெளிச்சம் கிடைக்கும். எல்இடிகளை நேரே பாட்டரியில் இணைத்தவர்களுக்கு எதிர்பாராத உபகாரம் ஒன்றும் வாய்த்தது: செல்கள் தீரத் தீரத் திரை மெல்ல மங்குமாதலால், எவ்வளவு மிச்சம் என்பதை அளவுகோல் இன்றியே அறிந்துகொண்டார்கள்.

அபாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினாலும், மிகவும் காயவிட்டாலும், கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலும், உறை துளைபட்டாலும் அது தீப்பிடிக்கக்கூடியது. வரிசையில் கோத்த இரண்டில் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் நிறைவதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்காணிக்கும் பாதுகாப்புப் பலகை இன்றியமையாதது. காமிராவுக்கான அடுக்கில் அது உள்ளேயே இருந்தது. உருளைகளைத் தனியே எடுத்தவர்கள் அதைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதை அலட்சியம் செய்யாமல் செய்தவர்களின் வேலையைத்தான் நான் கலை என்று மதிக்கிறேன்.

பெருஞ்சிரமப்பட்டு இவ்வளவும் செய்தபின் கிடைத்த பலன் எவ்வளவு? 7.2 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர் மணி உள்ள ஓர் அடுக்கில் இருக்கும் சக்தி 14.4 வாட் மணி. யந்திரமும் திரையுமாக 10 வாட் இழுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 2004 டிசம்பரில் சோனிக்காரர்களே கடைசியில் தங்கள் கையடக்கப் பெட்டியான ‘பிஎஸ்பி’யைக் கொண்டுவந்தபோது, அதில் வைத்த பாட்டரி 3.6 வோல்ட், 1,800 மில்லி ஆம்பியர் மணி. அதாவது ஆறரை வாட் மணி மாத்திரமே. அந்தச் சொற்பத்தைக் கொண்டே 4.3 அங்குலத் திரையோடு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆடலாம் என்று அறிவித்தார்கள். முதல் எழுத்திலிருந்தே பாட்டரியை மனத்தில் கொண்டு செய்யும் யந்திரத்துக்கும், சுவரை நம்பிப் பிறந்து பின்னால் விடுவிக்கப்பட்ட யந்திரத்துக்கும் உள்ள தூரம் இது. 2006 நவம்பரிலிருந்து பழைய பிளேஸ்டேஷன் ஆட்டங்களையும் விலைக்கு வாங்கி அந்தப் பெட்டியிலே ஆடும்படி வழி செய்யப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் மேஜைமேல் பிரித்துப் போட்ட இளைஞர்கள் விரும்பியதும் அதுவே.

ஆனால் அவர்கள் ஓயவில்லை. கண்ணாடிக் குழல்கள் வயதாகி மங்கிவிட்ட பிஎஸ் ஒன் திரைகளுக்கு எல்இடி வைக்கும் வேலை இன்றும் நடக்கிறது. 1989-ம் ஆண்டுக் கேம் பாய்க்கே விளக்கோடு கூடிய, ஐபிஎஸ் என்னும் வகைப் புதிய திரைகள் பொட்டலமாக விற்கப்படுகின்றன. பச்சை மங்கலில் நாம் பார்த்த உருவங்கள் அவற்றில் பளிச்சென்று நிற்கின்றன. புதிய திரை பழையதைவிடக் கூடுதலாகச் சக்தி வாங்குவதால், நான்கு செல்களில் பதினைந்து மணி நேரம் ஓடிய பெட்டி அவ்வளவு நேரம் தாங்குவதில்லை. ஆகவே திரையை மாற்றியவர்களில் பலர் அடுத்தபடியாக அந்த நான்கு செல்களின் குழியில் லித்தியம் அடுக்கு ஒன்றை வைத்து, யூஎஸ்பி கம்பியால் சார்ஜ் ஏற்றும் துளையைப் பக்கவாட்டில் குடைந்துகொள்கிறார்கள்.